மண்ணுக்கு மாற்றில்லை

இலண்டன் மாநகரின் தென்கிழக்கே, கிரீனிச்சுக்கும் ஊலிச்சுக்கும் நடுவில், தேம்ஸ் நதியின் தென்கரையை அடுத்திருக்கும் சார்ல்டன் என்னும் பகுதியில், சுண்ணாம்புப் பாறைக்காகவும் மணலுக்காகவும் ஒரு காலத்தில் தோண்டப்பட்டு, தேவை தீர்ந்ததும் கைவிடப்பட்ட ஒரு பெரும் பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்திற்கு 1919-ஆம் ஆண்டில் ஒரு கால்பந்துக் கழகம் குடியேறியது. அங்கே அமைந்த மைதானத்தின் பெயர் 'தி வேலி'. பள்ளத்தாக்கு என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல் தமிழ்க் காதில் விழும்போது வேறு இரண்டு அர்த்தங்களைத் தருகிறது. ஒன்று, பயிரைக் காக்கும் வேலி. மற்றொன்று, தஞ்சைச் சீமையில் நன்செய் நிலத்தை அளக்கும் வேலி. காவலும் நிலமும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயலே ஆயினும், அந்த மைதானத்தின் சரித்திரம் முழுவதும், நிலம் யாருடையது, அதைக் காப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடந்திருக்கிறது.

சார்ல்டன் அத்லெடிக் கழகம் 1905-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நதியோரத்துக் கிழக்குத் தெருவில் வாழ்ந்த இளைஞர் சிலரால் தொடங்கப்பட்டது. பிரபுக்களின் ஆதரவோ ஆலை முதலாளிகளின் பணமோ அதன் பிறப்பில் இல்லை. அத்தெருவில் மீன்கடை வைத்திருந்த ஆர்தர் பிரையன் என்பவர் ஆட்டக்காரர்களுக்கு ஹாடக் மீனை விருந்தாக அளித்து வந்தார் என்றும், சொல்லின் முதலில் நிற்கும் ஹகரத்தை விழுங்கிவிடும் அவ்வூர்ப் பேச்சில் அம்மீனின் பெயர் திரிந்து, கழகத்தாருக்கு 'அடிக்ஸ்' என்ற செல்லப்பெயராக நிலைத்துவிட்டது என்றும் சொல்வார்கள். அக்காலத்தில் ஊலிச்சில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய ஆர்சனல் என்ற பெருங்கழகம் இருந்தமையால், அந்த ஆலமரத்தின் நிழலில் இந்தச் சிறு செடி தலைதூக்க வழியில்லாமல் இருந்தது. 1913-ஆம் ஆண்டில் ஆர்சனல் நதியைக் கடந்து வட இலண்டனிலுள்ள ஹைபரிக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் தென்கரையில் வெயில் பட்டது எனலாம். ஊரை விட்டுப் போன ஒரு கழகத்தின் இடத்தில் வளர்ந்த இக்கழகமே பிற்காலத்தில் ஊரை விட்டுப் போக நேர்ந்தது விதியின் விளையாட்டு.

1919-இல் கழகத்தாரிடம் மைதானம் அமைக்கப் பணம் இல்லை. ஆனால் ஆள்பலம் இருந்தது. அபிமானிகள் மண்வெட்டியும் கூடையுமாகத் திரண்டு வந்து, குழியின் நடுவைச் சமன் செய்து, வெட்டிய மண்ணையே சுற்றிலும் கரையாக உயர்த்தினார்கள். பிற்காலத்தில் பல்லாயிரவர் தோளோடு தோள் உரசி நின்று ஆட்டம் பார்த்த மேடுகள் எல்லாம் அந்தக் கரையிலிருந்து எழுந்தவையே. நம் நாட்டில் ஏரிக்கரையும் கால்வாயும் பழுதுபட்டால் வீட்டுக்கு ஓர் ஆளாகச் சென்று மண் சுமந்து செப்பனிடும் வழக்கத்தைக் குடிமராமத்து என்றார்கள். வைகைக் கரையை அடைக்கப் பிட்டுக்கு மண் சுமந்த சொக்கநாதரின் திருவிளையாடலும் அந்த வழக்கத்தை அடியொற்றியதே. தான் சுமந்த கூடை மண்ணில் தனக்கொரு பாத்தியதை உண்டு என்ற எண்ணம் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை, அழிவதும் இல்லை.

1921-இல் லீக் ஆட்டங்களில் இடம் பெற்ற கழகம், இரண்டே ஆண்டுகளில் ஒரு பிழையைச் செய்தது. ஜனத்தொகை மிகுந்த பகுதிக்குப் போனால் வருமானம் பெருகும் என்று கணக்கிட்ட நிர்வாகிகள், 1923-இல் அருகிலுள்ள காட்ஃபர்டுக்குக் கழகத்தை மாற்றினார்கள். எதிர்பார்த்த கூட்டம் அங்கே வரவில்லை. மறு ஆண்டே பழைய பள்ளத்திற்குத் திரும்பினார்கள். இந்தச் சிறு நிகழ்ச்சி கற்பித்த பாடத்தை அறுபது ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

அதன்பின் வந்தது பொற்காலம். 1933-இல் மானேஜராகப் பொறுப்பேற்ற ஜிம்மி சீட், மூன்றாம் டிவிஷனில் கிடந்த கழகத்தை 1935-இலும் 1936-இலும் அடுத்தடுத்து உயர்த்தி, 1937-இல் முதல் டிவிஷனில் இரண்டாம் இடம் வரை கொண்டு சென்றார். 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி ஆஸ்டன் வில்லாவுடன் நடந்த கோப்பை ஆட்டத்தைக் காண அந்தப் பள்ளத்திற்குள் 75,031 பேர் கூடினார்கள். 1947-இல் பர்ன்லியை ஒரு கோலில் வென்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையையும் கழகம் கைப்பற்றியது.

வெற்றிகளைக் காட்டிலும் இக்கழகத்தின் குணத்தை விளக்குவது ஒரு காயத்தின் கதை. 1957-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்ட் கழகத்தோடு ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் கடந்தவுடன், சார்ல்டன் கேப்டன் டெரெக் அஃப்டன் தோள்பட்டை நழுவி வெளியேறினார். ஒருவர் காயமுற்றால் அவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்க அக்காலத்து விதி இடம் தரவில்லை. எஞ்சியவர்கள் பத்துப் பேராகவே ஆடித் தீர வேண்டும். அரைமணி நேரத்துக்கும் குறைவான ஆட்டமே மிச்சமிருந்தபோது ஹடர்ஸ்ஃபீல்ட் 5-1 என்று முன்னணியில் இருந்தது. ஜனங்களில் சிலர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டனர். இடைவேளையில் கிழிந்த பூட்ஸைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டு வந்த ஜானி சம்மர்ஸ், இடது காலால் ஆடிப் பழகியவராக இருந்தும், வலது காலால் ஐந்து கோல்களை அடித்தார். ஆட்டம் 7-6 என்று சார்ல்டன் பக்கம் முடிந்தது. எதிரணியின் மானேஜராய் நின்று அதைப் பார்த்தவர், பின்னாளில் லிவர்பூலில் பெரும்புகழ் எய்திய பில் ஷாங்க்லி. சம்மர்ஸ் அதற்குப் பின் ஐந்தாண்டுகள்கூட உயிரோடில்லை; 1962-இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

காயமுற்றவரின் இடம் வெறுமையாகவே இருக்க வேண்டும் என்ற அந்த விதி தளர்ந்தபோது, அதன் பயனை முதலில் அடைந்ததும் இக்கழகமே. 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் தேதி போல்டனில் நடந்த ஆட்டத்தில் கோல்காப்பாளர் மைக் ரோஸ் காயமடைய, கீத் பீகாக் களத்தில் இறங்கினார். இங்கிலாந்து லீக்கின் வரலாற்றில் முதல் மாற்று ஆட்டக்காரர் அவரே. அன்று முதல், ஓர் ஆள் வீழ்ந்தால் அவனுக்கு மாற்று உண்டு என்பது ஆட்டத்தின் நியதியாயிற்று.

ஆளுக்கு மாற்று உண்டு; மண்ணுக்கு? இக்கேள்வி எழும் காலமும் வந்தது. 1957-இல் முதல் டிவிஷனை இழந்த கழகம் படிப்படியாகத் தேய்ந்து, 1972-இல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. மர வியாபாரத்தில் செல்வம் சேர்த்த கிளிக்ஸ்டன் குடும்பத்தார் அரை நூற்றாண்டுக் காலம் கழகத்தை வைத்திருந்து, 1982-இல் விற்றபோது, கழகத்தை விற்றார்களே தவிர மைதானத்தை விற்கவில்லை. உயிர் ஒருவர் கையிலும் உடல் மற்றொருவர் கையிலுமாகப் பிரிந்த நாள் அது. புதிய நிர்வாகம், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று 1977-இல் விருது பெற்ற டென்மார்க்கின் ஆலன் சிமன்சனை பார்சிலோனாவிலிருந்து 3,00,000 பவுனுக்கு அழைத்து வந்தது. சில மாதங்களுக்குள் அவர் திரும்பிப் போனார். கடன் பெருகிக் கழகம் நீதிமன்றப் படியேறியது. 1984 மார்ச்சில், மூடுவிழா நிச்சயம் என்றிருந்த நிலையில், வேறொரு குழுவினர் முன்வந்து அதைப் பிழைக்க வைத்தனர்.

1985 மே மாதத்தில் பிராட்ஃபர்ட் மைதானத்தில் மூண்ட தீ 56 உயிர்களைக் குடித்தது. அதையடுத்து மைதானங்களின் பாதுகாப்பு கடுமையாகப் பரிசோதிக்கப்பட்டபோது, வேலியின் கீழைத் திசையிலிருந்த மாபெரும் மண்மேடு மூடப்பட்டது. நிலத்தின் சொந்தக்காரரோ மேற்குப் பார்வையாளர் அரங்கின் பின்னாலிருந்த பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 7-ஆம் தேதி ஆட்டம் காண வந்தவர்களின் கையில் வாயிலிலேயே ஒரு துண்டுப் பிரசுரம் திணிக்கப்பட்டது. கழகம் இவ்விடத்தை விட்டுப் போகிறது என்ற செய்தியை அறுபத்தாறு ஆண்டுப் பந்தம் கொண்ட ஜனங்கள் அறிந்துகொண்ட விதம் இதுதான். இரண்டு வாரங்களுக்குப் பின், 21-ஆம் தேதி, ஸ்டோக் சிட்டியை 2-0 என்று வென்றுவிட்டு, கழகம் கிறிஸ்டல் பாலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் மைதானத்தில் ஒண்டுக் குடித்தனம் புகுந்தது.

அங்கே நிகழ்ந்தது ஒரு விசித்திரம். மானேஜர் லென்னி லாரன்ஸின் திறமையால் கழகம் 1986-இலேயே முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது; நான்கு ஆண்டுகள் அங்கே தாக்குப் பிடிக்கவும் செய்தது. ஆயினும் தென் இலண்டனைச் சுற்றிக்கொண்டு பிறர் வீட்டு வாசலுக்குப் போக ஜனங்களுக்கு மனம் ஒப்பவில்லை. வெற்றி வந்தபோதும் கூட்டம் வரவில்லை. காட்ஃபர்டின் பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது.

மைதானத்தை மீட்கப் புதிய உரிமையாளர்கள் முன்வந்து, திரும்புவதாக 1989 வசந்தத்தில் அறிவித்தவுடன், அபிமானிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாளும் கடப்பாரையுமாய்ப் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். நாலாண்டுக் காலம் கேட்பாரற்று வளர்ந்த புதரை வெட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் அக்கூட்டத்தில் இருந்திருக்கக் கூடும்; குடிமராமத்து அங்கே எழுபது ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் முறை நடந்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசல் சாவுகளும், அதை விசாரித்த டெய்லர் நீதிபதியின் அறிக்கையும் நின்று பார்க்கும் மேடுகளின் காலத்தை முடித்துவைத்தன. எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றால் பழைய மைதானத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு வேண்டிய திரவியத்தைத் திரட்டக் கழகம் வணிகக் கட்டடங்களையும் திட்டத்தில் சேர்த்தது. அக்கம்பக்கக் குடியிருப்புகளின் சௌகரியத்தை எடுத்துக்காட்டி, கிரீனிச் நகரசபை 1990 ஜனவரி 31-ஆம் தேதி அநுமதி மறுத்தது.

மறுப்பைக் கேட்டு வீடு திரும்பிய அபிமானிகள் ஓர் அரசியல் கட்சியைத் தொடங்கினார்கள். 'வேலிக் கட்சி' என்ற பெயரில், தங்களுக்கு ஆதரவு காட்டிய கவுன்சிலர்களை மட்டும் விட்டுவிட்டு, மே மாத நகரசபைத் தேர்தலில் அறுபது வேட்பாளர்களை நிறுத்தினார்கள். ஒரு ஸ்தானமும் கிடைக்கவில்லை. ஆனால் 14,838 வாக்குகள், அதாவது பதிவானவற்றில் ஏறத்தாழ 11 சதவிகிதம், அவர்களுக்கு விழுந்தன. நகர அமைப்புக் குழுவின் தலைவர் தம் ஸ்தானத்தை இழந்தார். 1991 ஏப்ரலில் திருத்திய திட்டத்திற்கு அநுமதி வந்தது.

அநுமதி கிடைத்தது, பணம்? செல்ஹர்ஸ்டை விட்டு வெஸ்ட் ஹாம் கழகத்தின் மைதானத்தில் இன்னொரு ஒண்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டே, கழகம் அபிமானிகளிடம் கையேந்தியது. அவர்கள் தந்த முதலீடு 10 லட்சம் பவுனைத் தாண்டியது. அதுவும் போதாமல், 1992 செப்டம்பரில், தலைசிறந்த ஆட்டக்காரர் ராபர்ட் லீயை நியூகாசில் கழகத்துக்கு 7,00,000 பவுனுக்கு விற்க நேர்ந்தது. களத்திலும் சோதனை குறையவில்லை: தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த டாமி காட்டன் காயத்தினால் 1991-லிருந்து ஆட முடியாமல், 1993 மார்ச்சில் விடைபெற்று, அடுத்த மாதமே முப்பது வயதில் மாரடைப்பால் காலமானார்.

இத்தனைக்கும் நடுவே 1992 டிசம்பர் 5-ஆம் தேதி கழகம் வேலிக்குத் திரும்பியது. அரைகுறையாகக் கட்டி முடித்த மைதானத்தில் 8,337 பேர் கூடியிருக்க, போர்ட்ஸ்மத்துக்கு எதிராக ஏழாவது நிமிடத்தில் காலின் வால்ஷ் அடித்த ஒரே கோல் ஆட்டத்தை வென்று தந்தது. ஆறாண்டுகளுக்குப் பின் வெம்ப்ளியில் சண்டர்லாந்தோடு 4-4 என்று சமன் செய்து, பெனால்டியில் 7-6 என்று வென்று, பிரீமியர் லீகில் நுழைந்தது. அன்று மூன்று கோல் அடித்த கிளைவ் மெண்டோன்கா, பிற்பாடு காயங்களால் ஆட்டத்தையே துறந்தார். அவர் இடத்தில் வேறொருவர் வந்து ஆடினார்.

2020-ஆம் ஆண்டில் கழகம் மீண்டும் கைமாறியபோது, பழைய உரிமையாளர் கழகத்தை விற்று மைதானத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1982-இன் பிரிவினை அப்படியே திரும்பி வந்துவிட்டது. பத்திரம் யார் பேரில் இருந்தாலும், சார்ல்டன் ஜனங்கள் இம்முறை ஒன்றைத் தெரிந்துகொண்டே அதைப் பார்த்தார்கள்: அஃப்டனின் இடத்தைப் பத்துப் பேர் நிரப்பினார்கள், ரோஸ் காயமுற்றபோது பீகாக் வந்தார், அவர்களுடைய பள்ளத்துக்குப் பதிலாக மட்டும் எதுவும் வரவில்லை.