ஊத்தங்கரைக்கு வந்த கடல்

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. ஊத்தங்கரையில் ரோட்டோரம் நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் இல்லாமல். ஏரி நிரம்பி ரோட்டில் ஏறிய வெள்ளம், டூரிஸ்ட் வேன்களைக் காகிதக் கப்பல் மாதிரி இழுத்துக்கொண்டு போனது. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அன்று காலை எட்டரை மணிக்கு மழைமானி காட்டிய அளவு 50 சென்டிமீட்டர். இருபத்து நாலு மணி நேரத்தில். நான் காமர்ஸ் படித்தவன். எதையும் வரவு, செலவு என்று போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையே சுமார் 85 சென்டிமீட்டர்தான். பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் ஏழு மாதச் சம்பளத்தை ஒரே நாளில் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி. கையில் கொடுக்கவில்லை, தலையில் கொட்டிவிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இத்தனைக்கும் ஊத்தங்கரை கடற்கரை ஊர் அல்ல. புதுச்சேரியிலிருந்து நேர்கோடு போட்டால் சுமார் 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. இன்னும் மேற்கே போனால் ஓசூர், அப்புறம் கர்நாடகா. புயல் என்றால் அது கடலூர்க்காரர் கவலை, நாகப்பட்டினத்துக்காரர் கவலை என்றுதான் இந்தப் பக்கத்தில் நினைப்பு. ஆனால் இந்த மண்ணின் மழைக்கு வங்கக் கடல் மட்டுமல்ல, அதைத் தாண்டிப் பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பசிபிக் கடலும் கணக்கு எழுதுகிறது. புதிதாக அல்ல, காலங்காலமாக.

ஒரு 148 வருஷம் பின்னால் போவோம்.

1876. தமிழ்க் கணக்கில் தாது வருஷம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டம். அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமழை அடியோடு ஏமாற்றியது. சரி, ஆனி, ஆடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், 1877-ல் தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று உங்கள் பாட்டனாரின் பாட்டனார் நடுங்கிச் சொன்னது இதைத்தான். 1871-ல் எடுத்த கணக்கில் சேலம் மாவட்டத்தின் ஜனத்தொகை 19 லட்சத்துக்கு மேல். 1881-ல் எண்ணிப் பார்த்தால் 16 லட்சத்துக்கும் கீழே. பத்து வருஷத்தில் கூட வேண்டிய தலைகள் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருந்தன. அதில் வெள்ளைக்கார சர்க்காரின் கஞ்சத்தனத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அது தனிக்கதை.

நமக்கு வேண்டியது மழைக் கதை. 1876-ல் பசிபிக் குளிர்ந்து கிடந்தது. 1877-ல் அதே கடல் பயங்கரமாகச் சூடேறியது. பதிவான எல் நினோக்களிலேயே மிக பலமானவற்றில் ஒன்று அது. கடல் குளிர்ந்திருந்தபோது நம் வடகிழக்கு மழை போயிற்று. சூடானபோது தென்மேற்கு மழை போயிற்று. ஆனால் அதே 1877-ன் பிற்பகுதியில் மழை திரும்பி வந்தது. வேடிக்கையாக இல்லை?

அந்தக் காலத்தில் இது ஒருத்தருக்கும் தெரியாது. இந்திய வானிலைத் துறையே பஞ்சத்துக்கு முந்தைய வருஷம், 1875-ல்தான் பிறந்திருந்தது. 1904-ல் அதன் தலைவரானவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணக்கில் முதலிடம் வாங்கியவர், பூமராங் வீசுவதில் பித்து. வானிலை பற்றி அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது என்பதுதான் விசேஷம்! கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? கணக்குப் போட்டார். குமாஸ்தாக்களை உட்கார வைத்து, உலகம் முழுக்கப் பல ஊர்களின் காற்றழுத்தத்தையும் மழையையும் கையாலேயே கூட்டிக் கழித்துப் பார்த்தார். பசிபிக்கின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால், இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. தராசு மாதிரி. 1924-ல் அதற்குத் 'தென்கோள ஊசலாட்டம்' என்று பெயர் வைத்தார். பருவமழையை முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று வந்தவர், அது கைகூடாமலே ஊருக்குத் திரும்பினார். பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்துக்குக் குழந்தை இயேசுவின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அதுதான் எல் நினோ. இந்த இரண்டும் ஒரே மிருகத்தின் தலையும் வாலும் என்று 1960-களில் ஜேக்கப் பியர்க்னஸ் சொன்னபோது, வாக்கர் உயிரோடு இல்லை.

எல் நினோ வந்தால் இந்தியாவுக்கு வறட்சி என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். அது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்கு மழைக்கு. அக்டோபர் பிறந்ததும் நமக்கு ஆட்டம் தலைகீழ். கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று பலமாகி, தமிழ்நாட்டுக்கு மழை கூடப் பார்க்கிறது. 2015 பலமான எல் நினோ வருஷம். டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், சென்னை மூழ்கியது. மறு வருஷமே பசிபிக் குளிர்ந்தது. 2016-ன் வடகிழக்கு மழை 62 சதவிகிதம் குறைவு. அவ்வளவு மோசமான மழை கடைசியாக எப்போது என்று ஏட்டைப் புரட்டினார்கள். வந்து நின்ற வருஷம், 1876.

இதோடு இன்னும் இரண்டு பங்காளிகள் உண்டு. நம் இந்தியப் பெருங்கடலே மேற்கே சூடு, சுமத்ரா பக்கம் குளிர்ச்சி என்று அவ்வப்போது இரண்டுபட்டு நிற்கும். பிறகு மாறும். 1999-ல் என்.ஹெச். சாஜி என்ற இந்திய ஆய்வாளரும் ஜப்பானியர் யமகட்டாவும் அவர்கள் சகாக்களும் இதை எழுதினார்கள். இன்னொன்று, முப்பது முதல் அறுபது நாளைக்கு ஒருமுறை பூமத்திய ரேகையோரம் கிழக்கு நோக்கி ஊர்வலம் போகும் மேகக் கூட்டம். மேடன், ஜூலியன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971-ல் கண்டுபிடித்தது. அது நம் கடலைக் கடக்கும்போது புயல்கள் பிறக்க வசதி அதிகம்.

ஆஹா, அப்படியானால் ஜாதகம் கைக்கு வந்துவிட்டதே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். 2021-ல் பசிபிக் குளிர்ந்துதான் இருந்தது. விதிப்படி தமிழ்நாடு காய வேண்டும். பெய்ததோ 59 சதவிகிதம் அதிகம். இது சகுனியின் பகடைதான், ஆனால் சகுனிக்கே சில சமயம் அடங்காத பகடை. ஒரு சீஸன் எந்தப் பக்கம் சாயும் என்று ஓரளவு சொல்லும். எந்த ஊரில், எந்த ராத்திரி என்று சொல்லாது. டி.வி.யில் எல் நினோவை வைத்து ஆரூடம் சொல்கிறவர்கள் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

ஊத்தங்கரையில் அந்த ராத்திரியைத் தீர்மானித்தது ஃபெஞ்சல் புயலின் சோம்பேறித்தனம். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று 70, 80 கிலோமீட்டர்தான். பெரிய சூரப்புலி இல்லை. ஆனால் கரையேறியதும் நகரவே இல்லை. இழுத்துக்கொண்டு போக மேலே பலமான காற்று கிடையாது. மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. பிறகு வலுவிழந்து, ஆனால் கடலிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே, மெள்ள மேற்கே வந்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர். அன்றிரவு ஊத்தங்கரை.

விழுந்த தண்ணீர் அங்கேயே நிற்கவில்லை. தென்பெண்ணை என்ற ஆறு கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று இறங்கிக் கடலூரில் முடிகிறது. (கெலவரப்பள்ளியில் அது பெங்களூரின் கழிவோடு வந்து நுரை தள்ளும் அழகு தனி. மழை நாளில் நுரை ரோட்டுக்கே வரும்.) டிசம்பர் 2 விடியுமுன் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் கிராமங்கள் பல தூக்கத்திலேயே மிதந்தன.

ஓசூர், பர்கூர் ஆலைகளில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். சராசரியை வைத்து பட்ஜெட் போடலாம், பாலம் கட்ட முடியாது. 85 என்ற அந்தச் சராசரிக்குள்ளேதான் 2016-ன் வறட்சியும் இருக்கிறது, இந்த 50-ம் இருக்கிறது.

மழையின் மிச்சம் டிசம்பர் 3 அன்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி அரபிக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த சீஸனில் தமிழ்நாட்டுக்கு 33 சதவிகிதம் அதிக மழை. ஊத்தங்கரையில் சேறெல்லாம் காய்ந்த பிறகு, 2025 ஜனவரி 9 அன்று, அமெரிக்க வானிலை ஆய்வாளர்கள் அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள்: பசிபிக் குளிர்ந்துவிட்டது, லா நினா வந்தாயிற்று. அதாவது, விதிப்படி நமக்கு மழை குறைய வேண்டிய நிலைமை.