கால்பந்து அரங்கம்: விரிப்பதா, புதிதாய்க் கட்டுவதா? சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவிலிருந்து ஒரு பார்வை

ஒரு கால்பந்துக் கழகம் தன் அரங்கத்தை விரிவாக்க வேண்டுமா, புதிதாகக் கட்ட வேண்டுமா என்று கேட்பவர் இரண்டு செய்திகளை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிடுகிறார். அரங்கம் கழகத்தின் கையில் இருக்கிறது என்பது ஒன்று. அதில் இடம் போதவில்லை என்பது மற்றொன்று. மான்செஸ்டர் யுனைடெட் 2025 மார்ச்சில் ஓல்ட் டிராஃபோர்டின் பக்கத்திலேயே 1,00,000 பேர் அமரும் புதிய அரங்கத்தை அறிவித்தபோது இரண்டும் பொருந்தின. ஹைபரியில் 38,000 இருக்கைகளோடு, நாற்புறமும் வீடுகள் சூழ, விரிவாக்க வழியின்றித் தவித்த ஆர்சனல் 2006-இல் சில நூறு மீட்டர் தள்ளி 60,000 பேருக்கான அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தபோதும் பொருந்தின. தென்னிந்தியாவில் இரண்டுமே பொருந்தவில்லை. இங்கே கழகம் வாடகைக்கு இருக்கிறது. அரங்கம் நிரம்பும் நாளோ அரிது.

ஆகவே எத்தனை இருக்கை என்ற இடத்தில் கணக்கைத் தொடங்கக் கூடாது. பார்ப்பவர் கண்ணுக்கும் பந்துக்கும் எவ்வளவு தூரம், வாசலுக்கு வெளியே கூட்டம் நிற்க எவ்வளவு இடம், நிலம் யார் பெயரில் எத்தனை ஆண்டுக்கு என்பவற்றை முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், நம் பகுதிக்கு வரும் விடை பிரம்மாண்ட விரிவாக்கமும் இல்லை, பிரம்மாண்டப் புதுக்கட்டுமானமும் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சித்தூர், திருப்பதி மண்ணிலிருந்து பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. சித்தூரிலிருந்து கிழக்கே சென்னை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மேற்கே பெங்களூரு ஏறத்தாழ 180. காட்பாடிக்குப் போய்விட்டால் இரு பக்கமும் ரயில் உண்டு. திருப்பதிக்காரர் சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். சென்னையின் எஃப்.சி.யும் பெங்களூரு எஃப்.சி.யும் இந்த வட்டார ரசிகர்களுக்குச் சம தூரத்து அணிகள். இரண்டுக்கும் வீட்டுக் குறை ஒன்றே: ஓடுதளம் சூழ்ந்த அரசு அரங்கம்.

சென்னை நேரு அரங்கம் இருக்குமிடத்தில் முன்பு மாநகராட்சி அரங்கம் இருந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். 1965 வரை ஒன்பது டெஸ்ட் ஆட்டங்கள் அங்கே நடந்தன. பிறகு டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. பழைய அரங்கத்தை எடுத்துவிட்டு 1993-இல் இப்போதைய அரங்கத்தைக் கட்டினார்கள். 260 நாளில் முடித்ததாகப் பெருமையோடு சொல்வார்கள். அந்த ஆண்டு நேரு கோப்பைக் கால்பந்தும், 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியும் அங்கே நடந்தன. கால்பந்து, தடகளம், தொடக்க விழா எல்லாவற்றுக்கும் ஒரே இடம் என்ற எண்ணத்தில் எழுந்த கட்டடம் அது. அன்றைக்கு அந்த எண்ணம் தவறென்று சொல்ல முடியாது. தூரின் நகரின் டெல்லே ஆல்பி 1990-இலும், ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரத்து அனோயெட்டா 1993-இலும் இதே எண்ணத்தில்தான் கட்டப்பட்டன.

அந்த எண்ணத்தின் விலையை அளவுகோலால் அளந்துவிடலாம். 400 மீட்டர் ஓடுதளத்தின் அளவுகள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே: நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர், ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். அப்படியானால் உள்ளே கிடைக்கும் வெளியின் அகலம் 73 மீட்டர், நீளம் 157.39 மீட்டர். அதற்குள் 105-க்கு 68 என்ற பன்னாட்டு அளவு ஆடுகளத்தை வைத்துப் பார்ப்போம். பக்கக்கோட்டிலிருந்து ஓடுதளத்தின் உள்விளிம்பு வரை 2.5 மீட்டர், எட்டுப் பாதைகளைக் கடக்க 9.76 மீட்டர். பக்கவாட்டு மாடத்தின் முதல் வரிசைக்காரரே 12 மீட்டருக்கு அப்பால் இருக்கிறார். இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. கோல் கம்பத்தின் பின்புறம்தான் கதை கெடுகிறது. கோல்கோட்டிலிருந்து வளைவின் உள்விளிம்பு வரை 26 மீட்டர், பாதைகளையும் சேர்த்தால் 36 மீட்டர். அதற்குப் பிறகுதான் வேலியும் முதல் இருக்கையும். எங்கேயும் ஓர் அணியின் உரத்த ரசிகர்கள் நிற்குமிடம் கோலின் பின்புறம். அவர்களைத்தான் இந்த வடிவம் மிகத் தொலைவில் தள்ளுகிறது. மாலை விளக்கொளியில் எதிர்ப்பக்கக் கோல் அருகே ஆஃப்சைடா இல்லையா என்பது அங்கிருப்பவருக்குத் தெரியாது. கொடி உயர்ந்த பிறகே புரியும்.

இப்படிப்பட்ட அரங்கத்தை விரிவாக்குவதென்றால் மேலே ஓர் அடுக்கு கட்ட வேண்டும். புதிய இருக்கை ஒவ்வொன்றும் பழைய கடைசி இருக்கையைவிடத் தொலைவில் அமையும். முன்வரிசைத் தலை மறைக்காமலிருக்க மேலடுக்கைச் செங்குத்தாக்க வேண்டும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு, பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டி 34 பாகைக்கு மேல் பரிந்துரைப்பதில்லை. எனவே ஓடுதளம் உள்ள அரங்கத்தில் விரிவாக்கம் என்பது மோசமான இருக்கைகளைப் பெருக்கும் வேலை. கொல்கத்தா சால்ட் லேக் அரங்கம் எதிர்த்திசையில் நடந்து காட்டியது. 1984-இல் 1,20,000 பேருக்கென்று திறந்த அரங்கம் 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்குச் சுமார் 66,000 தனி இருக்கைகளாகக் குறைக்கப்பட்டது. அதனால் அந்த அரங்கத்தின் மதிப்பு குறையவில்லை.

ஓடுதளத்தைப் பெயர்த்துவிட்டு மாடங்களை அருகே இழுக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அனோயெட்டாவில் 2017 முதல் 2019 வரை அதைத்தான் செய்தார்கள். நகராட்சிக்குச் சொந்தமான அரங்கத்தில், ரியல் சொசியடாட் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஓடுதளத்தை எடுத்து, இருக்கைகளைக் கோட்டருகே கொண்டுவந்து, கொள்ளளவையும் கூட்டினார்கள். ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ அதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. பெங்களூரு கண்டீரவா அரங்கம் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்தது. பெங்களூரு எஃப்.சி. அங்கே குடியேறிய பின் தடகள வீரர்களும் பயிற்சியாளர்களும் தங்கள் பயிற்சி நேரம் பறிபோகிறது என்று போராடி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அதிகாலையில் ஸ்பைக்ஸ் பையோடு வரும் அரசுப் பள்ளி மாணவிக்கு நகர நடுவில் வேறு செயற்கை ஓடுதளம் எளிதில் கிடைக்காது. சென்னை நேரு அரங்கத்தில் 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. தொலைக்காட்சி வருமானம் உள்ள ஆட்டத்துக்காக வருமானமே இல்லாத ஆட்டத்தின் தரையைப் பெயர்ப்பது அரசு செய்யக்கூடிய காரியமாகாது.

தூரின் தந்த பாடம் இன்னும் கூர்மையானது. 69,000 பேர் அமரக்கூடிய டெல்லே ஆல்பியில் யுவென்டஸ் போன்ற வெற்றி அணிக்கே கூட்டம் சேரவில்லை. மாநகராட்சியிடம் 99 ஆண்டு உரிமை பெற்ற கழகம் அதை இடித்துவிட்டு, அதே இடத்தில் 2011-இல் 41,000 இருக்கைகளோடு தன் அரங்கத்தைத் திறந்தது. இருக்கைகள் குறைந்தன, அரங்கம் நிரம்பியது. உரிமைப் பத்திரம் முதலில் வந்தது, கட்டடம் பிறகு வந்தது என்ற வரிசையையும் கவனிக்க வேண்டும்.

விரிவாக்கத்துக்கு நம் பக்கத்தில் முழுமையான சான்று சேப்பாக்கம். 2009-க்கும் 2011-க்கும் இடையே பழைய தூண்கள் நின்ற மாடங்களை இடித்து, கடற்காற்று ஊடுருவும்படி மெல்லிய கூரைகளோடு புதிய மாடங்களைக் கட்டினார்கள். அழகான வேலை. ஆனால் அவற்றுள் ஐ, ஜே, கே மாடங்களுக்கும் பக்கத்திலிருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கட்டடத்துக்கும் இடையே விதிப்படி விட வேண்டிய இடைவெளி இல்லை. சுமார் 12,000 இருக்கைகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன; விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அருகிலிருந்த கட்டடம் அகற்றப்பட்டு, 2023 மார்ச்சில்தான் சிக்கல் முழுதாகத் தீர்ந்தது. கட்டியது இரண்டாண்டு, காத்திருந்தது பத்தாண்டுக்கு மேல். வசதி மிகுந்த கிரிக்கெட் சங்கத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு கால்பந்துக் கழகம் பத்தாண்டுப் பூட்டைத் தாங்குமா? நகர நடுவில் விரிவாக்கம் செய்பவர் செங்கலுக்கு முன் இடைவெளியைக் கணக்கிட வேண்டும்.

இடைவெளி உயிர்க் கணக்கும் கூட. 2025-ஆம் ஆண்டு அதை இந்த வட்டாரத்தின் இரு முனையிலும் காட்டியது. ஜனவரி 8 இரவு திருப்பதி பைராகிப்பட்டடையில், வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகப் பூங்காவில் காத்திருந்த பக்தர்கள் கதவு திறந்ததும் முண்டியடித்ததில் ஆறு பேர் இறந்தனர். ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கத்தின் வாசல்களில் ஐ.பி.எல். வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்களில் 11 பேர் நசுங்கி இறந்தனர். 35,000 பேருக்கான அரங்கத்தைச் சுற்றி லட்சக்கணக்கில் கூடியிருந்தார்கள். 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவில் 97 உயிர்களைக் குடித்த நெரிசலும் வாசலுக்கு வெளியே சேர்ந்த கூட்டத்தில் தொடங்கியதே. மூன்று இடத்திலும் உள்ளே எத்தனை இருக்கை என்பது உதவவில்லை.

இதை நன்றாகக் கற்றுத் தரக்கூடிய இடம் திருமலை. கருவறையை யாரும் விரிவாக்க முடியாது. அதனால் அங்கே காத்திருக்கும் இடம் விரிந்தது. வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் பக்தர்களை அறை அறையாகப் பிரித்து அமர்த்தி, உணவும் பாலும் தந்து, முறை வந்ததும் அறை அறையாக விடுகிறார்கள். வெளியிடம் திறப்பதற்கும் விலை உண்டு: 2003-இல் கோயிலின் எதிரே இருந்த ஆயிரங்கால் மண்டபம் இடிக்கப்பட்டதைப் பலர் இன்றும் மன்னிக்கவில்லை, நானும் அவர்களில் ஒருவன். ஆனாலும் கொள்ளளவு என்பதைக் காத்திருக்கும் இடத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதில் திருமலையின் அனுபவம் எந்தப் பொறியியல் நூலுக்கும் குறைந்ததில்லை. மலைமேல் தெரிந்த அந்த முறை மலையடிவாரத்தில் அன்றிரவு கைவிடப்பட்டது என்பதுதான் பெருந்துயரம்.

சின்னசாமி சம்பவத்தை விசாரித்த நீதிபதி மைக்கேல் டி'குன்ஹா ஆணையம் அந்த அரங்கம் பெருங்கூட்டத்துக்கு ஏற்றதல்ல என்றது. பொம்மசந்திரா அருகே 80,000 பேருக்கான புதிய அரங்கத்தைக் கர்நாடக அரசு முன்வைத்தது. 2025 ஆகஸ்டில் அப்பக்கம் மெட்ரோ ரயில் வந்துவிட்டதால் கிரிக்கெட்டுக்கு அது பொருந்தலாம். கால்பந்து அந்த வழியைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. இந்தியக் கால்பந்தின் 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்த நிலையில், புதுப்பிப்பு முடிவாகாததால் அவ்வாண்டு ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த பருவம் நடக்குமா என்று தெரியாத கழகத்துக்கு எந்த வங்கியும் முப்பது ஆண்டுக் கடன் தராது.

நம்பிக்கையூட்டும் சான்று பெங்களூரிலேயே இருக்கிறது. அசோக் நகர் கால்பந்து அரங்கம் சில ஆயிரம் பேர் மட்டுமே அமரக்கூடியது, ஓடுதளம் கிடையாது, கூச்சல் நேராக ஆடுகளத்தில் இறங்கும். 2013-இல் பிறந்த பெங்களூரு எஃப்.சி. தன் முதல் ஐ-லீக் பருவத்தை அங்கே ஆடி, அந்த முதல் பருவத்திலேயே பட்டம் வென்றது. அரங்கத்தால் வென்றது என்று சொல்ல மாட்டேன். நகரம் அந்த அணியைத் தன் அணியாக ஏற்றுக்கொண்டதில் அந்த நெருக்கத்துக்குப் பங்கு உண்டு என்று சொல்வேன். சென்னையின் எஃப்.சி. 2015-இலும் 2017-18-இலும் ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆன அணி. அதற்கும் அப்படியொரு வீடு தகும். நேரு அரங்கம் தடகளத்துக்கே இருக்கட்டும். புறநகர் ரயில் நிலையம் ஒன்றை ஒட்டிய அரசு நிலத்தில், 30 ஆண்டுக் குத்தகையில், 12,000 முதல் 15,000 பேருக்கான செவ்வக அரங்கம் ஒன்று போதும். வாரநாட்களில் பள்ளி லீக் ஆட்டங்களுக்கு அதைத் திறந்துவிடும் நிபந்தனை குத்தகையிலேயே எழுதப்பட வேண்டும்.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இந்த வாதம் உடனடியாகப் பொருந்தும். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டம் ஆனது. புதிய மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றும் புறவழிச் சாலையில் தனக்கொரு பெரிய அரங்கம் கேட்பது இயல்பு. ஆனால் 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் தாரகராமா அரங்கம் இருக்கிறது. 2014 ஏப்ரல் 30 அன்று நரேந்திர மோடியின் தேர்தல் கூட்டத்தையும், 2018-இல் அதே தேதியில் சந்திரபாபு நாயுடுவின் போராட்டக் கூட்டத்தையும் தாங்கிய மைதானம் அது. பெருங்கூட்டத்துக்கு அது போதும். அங்கே தேவைப்படுவது நல்ல புல்தரை, அகலமான வாசல்கள், வெளியே பிரித்து நிறுத்தும் இடம், பெண்களுக்கான உடைமாற்றும் அறை, கூட்டம் முடிந்த மறுநாளே தரையைச் செப்பனிடும் ஏற்பாடு. இவற்றைச் செய்து முடிக்கும் வரை இரு மாவட்டங்களிலும் புதிய அரங்கத்துக்கு நிலம் எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஓடுதளம் இல்லாத சிறிய கால்பந்துத் திடலாக, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள்.