முதலில் ஓலையைக் காட்ட வேண்டியது யார்?

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, பாதிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்ட எதிரணித் தலைவர் அவர்களே! வடக்குப்பட்டுப் பெரியவர்களே, தாய்மார்களே! வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிற அன்பர்களே!

"நிலத்தை வைத்திருக்கும் மக்கள் அமைப்பிடம் சட்டமன்றம் ஆவணம் கேட்டால் காட்டியே தீர வேண்டும்" என்பது எதிரணியின் கட்சி. "மடியில கனமில்லைன்னா வழியில என்னய்யா பயம்?" என்று கேட்டார் தலைவர். நல்ல பழமொழிதான். ஆனா வழியில நிக்கிறது யாருன்னு பார்க்க வேண்டாமா? காவல்காரர் மடியைச் சோதிக்கிறதும், வழிப்பறிக்காரன் சோதிக்கிறதும் ஒண்ணாகுமா? (சிரிப்பு)

அவர் ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்தார். நானும் அங்கேயே போகிறேன். 1996இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில மேலவை, நிதியமைச்சர் மைக்கேல் ஈகனிடம் சில அரசுத் தாள்களைக் கேட்டது. "தர மாட்டேன்" என்றார். அமைச்சர் என்றும் பார்க்காமல் அவரை அவையிலிருந்து வெளியேற்றினார்கள். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்த நாட்டில் உயர்நீதிமன்றம் என்றால் அதுதான் கடைசிப் படி. 1998இல் தீர்ப்பு வந்தது: தாள்களைக் கேட்கும் அதிகாரம் மேலவைக்கு உண்டு.

எதிரணித் தலைவர் இதோடு நிறுத்திவிட்டார். எதனால் அந்த அதிகாரம் வந்தது? அமைச்சர் அவைக்குப் பொறுப்பானவர். அவர் கையில் இருப்பது அரசாங்கத் தாள். அதனால் வந்தது! பழங்குடி நில மன்றம் என்ன அமைச்சரா? 1983இல் அந்த மாநிலம் பழங்குடி நில உரிமைச் சட்டம் போட்டது. பறித்த நிலத்துக்கு ஈடாக 15 ஆண்டு காலம் மாநில நிலவரியில் நூற்றுக்கு ஏழரை பங்கு நில மன்றங்களுக்குக் கொடுத்தார்கள். மானியம் இல்லீங்க, நஷ்ட ஈடு. பக்கத்து வீட்டுக்காரன் என் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயி, பத்து வருஷம் கழிச்சு ஒரு கன்னுக்குட்டியைக் கொடுத்துட்டு, "அதுக்குத் தினம் எவ்வளவு புல்லு போடற, கணக்கு காட்டு"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? (கைதட்டல்)

இதில் இன்னொரு கதையும் உண்டு. அதே சட்டப்படி, சும்மா கிடக்கும் அரசு நிலத்தைக் கேட்டு நில மன்றங்கள் மனுப் போடலாம். அந்த மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 2022இல் கணக்கெடுத்துப் பார்த்தார். முடிவு சொல்லாமல் கிடந்த மனுக்கள் 38,000க்கும் மேல்! ஆண்டுதோறும் தணிக்கைக்குக் கணக்குக் கொடுக்கும் அமைப்பைப் பார்த்து "ஏன் மறைக்கிறாய்?" என்கிறார்கள். 38,000 மனுவை அலமாரியில் வைத்திருப்பவரை யார் கேட்பது?

சரி, சிட்னி கிடக்கட்டும். நம்ம ஊருக்கு வருவோம்.

நாம் நிற்கிற இந்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை குழி போட்டது. கீழே போகப் போகக் கற்கருவிகள் கிடைத்தன. பட்டா, சிட்டா, அடங்கல் எதுவும் பிறக்காத காலத்திலேயே இந்த மண்ணில் மனுஷன் உட்கார்ந்து கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அவனிடம் போய் "சர்வே நம்பர் என்ன?" என்று கேட்க முடியுமா? (சிரிப்பு)

கணக்குக் கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. தமிழன் சொல்லவும் முடியாது. இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது. மாமனார் கணக்குக் காட்டவில்லையென்றால் மாப்பிள்ளைக்கும் பதவி போச்சு! இன்றைக்கு அந்தச் சட்டம் வந்தால் எத்தனை மாப்பிள்ளைகள் தேறுவார்கள், சொல்லுங்கள். (பலத்த சிரிப்பு)

ஆனால், நடுவர் அவர்களே, அந்தக் கல்வெட்டைப் படித்துப் பூரித்துப் போகிற நாம் ஒன்றை மெதுவாகத் தாண்டிவிடுகிறோம். குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தில் சேற்றில் இறங்கி நாற்று நட்டவன் பெயர் எந்தக் குடத்தில் இருந்தது? எந்தக் குடத்திலும் இல்லை.

இனி ஓலைக்கு வருகிறேன். 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்கிற பொறியாளர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். கணக்கப்பிள்ளைகள் ஓலையில் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். வடக்குப்பட்டு என்ற பெயருள்ள ஓர் ஊரின் ஓலைக் கணக்கும் திருப்போரூர்க் கணக்கும் சேர்ந்து 2001இல் சென்னையில் புத்தகமாகவே வந்திருக்கின்றன. இந்தப் பெயரில் ஊர்கள் பல உண்டு. அதனால் கேமராவைப் பார்த்துப் பெருமைப்படுவதைக் கொஞ்சம் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓலைகளில் என்ன இருக்கிறது? எத்தனை வீடு, எத்தனை ஏரி, எத்தனை காணி. களத்து நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு எவ்வளவு, தச்சனுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு என்று பங்கு பங்காக எழுதியிருக்கிறது.

இந்தச் சீமைத் தாள்கள் லண்டனுக்கும் போயின. கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்கியபோது, இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபை ஒரு குழுவைப் போட்டுக் கம்பெனியின் ஆவணங்களைக் கேட்டு வாங்கியது. 1812இல் புகழ்பெற்ற ஐந்தாம் அறிக்கை வெளிவந்தது. சென்னை மாகாணத்து நிலவரிக் கதை முழுக்க அதில் கிடக்கிறது. பாராளுமன்றம் கேட்டது சரியா? நூற்றுக்கு நூறு சரி! ஏனென்றால் கேட்கப்பட்டது ஆளுகிற கம்பெனி. திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கிய எல்லிஸ் துரை 1816இல் மிராசு உரிமை பற்றி அரசின் கேள்விகளுக்குப் பத்தி பத்தியாகப் பதில் எழுதினார். தாளும் ஓலையும் குவிந்தன. மிராசுதாரருடைய உரிமை ஏட்டில் ஏறியது. உழுதவனுடைய உரிமை ஏறவில்லை.

அதன் பலனை எண்பது வருஷம் கழித்து ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் பார்த்தார். ஜேம்ஸ் திரமென்ஹீர். செங்கற்பட்டு மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி 1891இல் அவர் எழுதிய அறிக்கையை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்க வேண்டும். புறம்போக்கையோ தரிசையோ கேட்டு அந்த மக்கள் தர்க்காஸ்து மனுப் போட்டால், "முன்னுரிமை எனக்கு" என்று மிராசுதாரர் வந்து நிற்பார். குடிசை இருக்கிற மனையும் அவருடையது என்பார். எதிர்த்துப் பேசினால் குடிசையே போகும். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி வருவாய்த் துறை அரசாணை வந்தது. நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வது வழக்கம்.

அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது? கேட்டால் என்ன பதில் வரும் தெரியுமா? "உங்க தாத்தாவுக்குக் கொடுத்த உத்தரவைக் கொண்டு வாங்க." ஐயா, தாத்தாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதே! அவர் குடிசை எத்தனை மழையில் ஒழுகியது, எத்தனை தீயில் எரிந்தது! ஆனால் அதே உத்தரவின் பதிவு எங்கே இருக்கிறது? தாலுகா ஆபீஸ் அ-பதிவேட்டில்! வைத்திருப்பவர், வைத்திருக்காதவரிடம் கேட்கிறார். (கைதட்டல்)

இதைக் கேட்கப் போய் உயிரே போயிருக்கிறது. இதே செங்கற்பட்டுச் சீமையில், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் இறந்தார்கள். இங்கே நான் நகைச்சுவை சொல்ல முடியாது.

எதிரணித் தலைவர் எழுந்திருக்கிறார். "அரசியல் சட்டம் 338ஆம் பிரிவு ஆணையத்துக்கு ஆவணம் கேட்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறதே, அதுவும் தப்பா?" என்பார். தப்பில்லை ஐயா, அது என் கட்சி! தாழ்த்தப்பட்டோர் ஆணையமும் பழங்குடியினர் ஆணையமும் சிவில் நீதிமன்றம் போல யாரையும் வரவழைக்கலாம், எந்த ஆவணத்தையும் கேட்கலாம். ஏழைக்காக, பெரிய இடத்தைப் பார்த்துக் கேட்பதற்காக வந்த அதிகாரம் அது. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அப்படித்தான். பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு கூலிக்காரர் அதே அ-பதிவேட்டின் நகலைக் கேட்கலாம்.

பெரிய புராணத்தில் சுந்தரருக்குக் கல்யாணம். மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து, "நீ என் அடிமை, இதோ ஓலை" என்கிறார். மாப்பிள்ளை பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் மாப்பிள்ளையிடமா "நீ அடிமை இல்லை என்பதற்குச் சான்று காட்டு" என்றார்கள்? கிடையாது. கிழவரிடம்தான் கேட்டார்கள். கிழித்தது படி ஓலை, இதோ மூல ஓலை என்று அவர் எடுத்துக் கொடுக்க, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். கேட்டு வந்தவர் சாட்சாத் சிவபெருமான். அவரே ஓலையைக் காட்டிவிட்டுத்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்!

ஒரகடம் சாலையில் இன்றைக்குக் கண்டெய்னர் லாரி வரிசையாகப் போகிறது. தொழிற்சாலை வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை வரட்டும். ஆனால் நிலத்தை எடுக்கும்போது இழப்பீடு பட்டாவில் பெயர் இருப்பவருக்குப் போகிறது. மூன்று தலைமுறையாக அதிலே களை எடுத்த அம்மாவின் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், பார்க்கிறேன். ஒரே ஒரு வார்த்தை. எதிரணித் தலைவர் அவர்களே, தாலுகா ஆபீஸ் பீரோச் சாவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டை இந்த மேசைமேல் வையுங்கள். பக்கத்திலேயே எங்கள் கணக்கையும் வைக்கிறோம். (கைதட்டல்)