ஆயுதமும் ஆதரவும்: அம்பாறைக் கரையோர முஸ்லிம்களும் தமிழ் இயக்கங்களும் (1976–2007)

கெரில்லா இயக்கங்கள் மக்கள் ஆதரவை எப்படிப் பெறுகின்றன என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வெற்றி பெற்ற புரட்சிகளிலேயே விடை தேடப்படுகிறது. சீனா, வியட்நாம், கியூபா ஆகிய மூன்றும் மாறி மாறிச் சான்றாகக் காட்டப்படுகின்றன. வென்றவர்களின் வரலாற்றில் எல்லாமே வெற்றிக்கான காரணமாகத் தோன்றிவிடும். எனவே ஓர் இயக்கம் ஆதரவைப் பெற்று, பிறகு அதை முற்றாக இழந்த இடத்தை ஆராய்வதே கூடுதல் பயன் தரும். பெரியநீலாவணையில் தொடங்கி பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரம் அத்தகைய இடம். வடக்கிலிருந்து தெற்கே வந்தால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றையடுத்து ஒன்றாக, பல இடங்களில் ஒரு வீதி மட்டுமே எல்லையாக, அமைந்திருக்கின்றன. இரு சமூகத்தாரின் தாய்மொழியும் தமிழ். தாய்வழிக் குடிமுறையும் பெண்ணின் வீட்டிலேயே மணமக்கள் வாழும் வழக்கமும் இருவருக்கும் பொது என்பதை அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். "தமிழ் பேசும் மக்கள்" என்ற பெயரில் ஒரு விடுதலை இயக்கம் வேர்விட இலங்கையில் இதைவிடப் பொருத்தமான நிலம் இருந்திருக்க முடியாது. அந்த நிலமே 1990இல் இயக்கத்தின் கையைவிட்டுப் போனது.

இக்கட்டுரையின் வாதம் இது: இங்கு மக்கள் ஆதரவைத் தீர்மானித்தவை இலட்சியத்தின் கவர்ச்சியோ அரசின் கொடுமையோ மட்டுமல்ல. ஆயுதம் ஏந்தியவர் தம் ஆயுதத்துக்கு எந்த எல்லையை வகுத்தார், தம்மை ஆதரித்தவர் தம் பெயரில் தாமே பேச எவ்வளவு இடம் விட்டார் என்ற இரண்டுமே அதைத் தீர்மானித்தன. மீனும் நீரும் என்ற மா சேதுங்கின் புகழ்பெற்ற உவமையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். 1928 முதல் அவருடைய படைக்கு விதிக்கப்பட்ட ஒழுங்குகளை, அதாவது மக்களின் ஊசி நூலைக்கூட எடுக்காதே, இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடு, பயிரை மிதிக்காதே என்பவற்றை, அந்த அளவுக்கு நினைப்பதில்லை. உவமை மக்களை வாயில்லாத நீராகக் காட்டுகிறது. ஒழுங்குகளோ, அவர்கள் பயிரும் உடைமையும் மானமும் உள்ளவர்கள் என்று ஏற்றுக்கொள்கின்றன. கிழக்கில் வேலைசெய்தது உவமையா ஒழுங்கா என்று பார்த்தால் விடை தெளிவாகும்.

ஆதரவு முதலில் இருந்ததா என்பதே சிலருடைய ஐயம். கிழக்கு முஸ்லிம்கள் எப்போதும் கொழும்பின் பெரிய கட்சிகளோடுதான் நின்றார்கள், தமிழ் அரசியலோடு அவர்கள் இணைந்ததே இல்லை என்று வாதிப்போர் உண்டு. 1956ஆம் ஆண்டுத் தேர்தல் அதை மறுக்கிறது. அவ்வாண்டு கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளர்களாக வென்றார்கள். இருவரும் விரைவில் கட்சி மாறியது உண்மை. ஆனால் வேட்பாளர் மாறியதால் வாக்காளரின் விருப்பம் இல்லையென்று ஆகிவிடாது. தனிச் சிங்களச் சட்டம் கல்முனை எழுதுவினைஞரையும் யாழ்ப்பாண எழுதுவினைஞரையும் ஒன்றாகவே தாக்கியது. 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றம் மாவட்டத்தின் மேற்கில் குடித்தொகையையும், பின்னர் வாக்குப் பலத்தையும் மாற்றியது. அதனால் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருவருக்குமே இழப்பு ஏற்பட்டது. தனித் தமிழீழம் கோரிய 1976இன் வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குப் பின் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியோடு கைகோத்தது. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த இளம் சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப் 1977 தேர்தலில் கூட்டணி மேடைகளில் முழங்கினார். அத்தேர்தலில் கல்முனையை ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ. ஆர். மன்சூர் வென்றார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெரியவர்களின் வாக்கு ஒரு பக்கமும் இளைஞரின் மனம் மறுபக்கமும் இருந்தன. 1983 இனக்கலவரத்துக்குப் பின் ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., விடுதலைப் புலிகள் ஆகிய தமிழ் ஆயுத இயக்கங்களில் கிழக்கு முஸ்லிம் இளைஞர்கள் சேர்ந்தது அந்த மனநிலையின் விளைவுதான்.

முதல் விரிசல் 1985 ஏப்ரலில் விழுந்தது. காரைதீவுத் தமிழர் மீது நடந்த தாக்குதலும் வீடெரிப்பும், அதற்கு முன்பின்னாக முஸ்லிம் ஊர்களில் ஏற்பட்ட இழப்புகளும் இரு சமூகங்களுக்கிடையே முதல் பெரும் இரத்தக் கோட்டைக் கீறின. இதில் அரசின் கை இருந்தது. பாதுகாப்புப் படையினர் தாக்கியவர்களுக்குத் துணைநின்றார்கள் என்பது அக்காலத்திலேயே பரவலாகப் பதிவான குற்றச்சாட்டு. பின்னர் ஊர்காவற்படை என்ற பெயரில் முஸ்லிம் இளைஞர்களிடம் துப்பாக்கி கொடுக்கப்பட்டதும் அதே கொள்கையின் தொடர்ச்சி. பிளவுக்கு அரசே முழுக் காரணம் என்று தமிழ்த் தேசிய எழுத்தாளர்கள் இங்கிருந்துதான் வாதிக்கிறார்கள். இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது; ஆனால் இது பாதி விடைதான். எதிரி பிரிக்க முயல்வான் என்பது எந்தக் கெரில்லாப் போரிலும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. பிரிவினையை முறியடிக்க இயக்கம் என்ன செய்தது என்பதே கேள்வி. ஊர்காவற்படையில் ஒருவன் சேர்ந்தால் அவனுடைய ஊரையே எதிரியாகக் கணக்கிடுவது, அரசு விரும்பிய முடிவை இயக்கத்தின் கையாலேயே நிறைவேற்றிக் கொடுப்பதாகும்.

அடுத்த கட்டம் பேசும் உரிமையைப் பற்றியது. 1987 ஜூலை 29இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் இணைத்தபோது, கிழக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காக இருந்த முஸ்லிம்கள் இணைந்த மாகாணத்தில் ஆறிலொரு பங்களவுக்குச் சுருங்கினார்கள். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1981இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடியில் தோன்றி 1986இல் அரசியல் கட்சியான ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், 1988 நவம்பரில் நடந்த வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 71 ஆசனங்களில் 17ஐப் பெற்றது. இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்குவது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். பத்தாண்டுக்கு முன் தமிழீழ மேடையில் நின்ற அதே அஷ்ரப்தான் இப்போது தனிக் கட்சியின் தலைவர். இடையில் மாறியது அவர் மட்டுமல்ல. "தமிழ் பேசும் மக்கள்" என்ற தொடருக்குள் முஸ்லிம்கள் எண்ணிக்கையாக இருந்தார்களேயன்றி, முடிவெடுப்பவர்களாக இல்லை என்று ஊர்ஊராக மக்கள் உணர்ந்ததன் பதிவே அந்தப் பதினேழு ஆசனங்கள். விடுதலைப் புலிகளும் இதை அறியாமல் இல்லை. 1988இல் சென்னையில் அவர்களுடைய மூத்த தளபதி கிட்டு முஸ்லிம் பிரதிநிதிகளோடு பேசி, முஸ்லிம்களின் தனித்துவத்தை ஏற்கும் உடன்பாடொன்றுக்கு வந்தார். தாளில் அது முன்னேற்றம். களத்தில் துப்பாக்கி வைத்திருந்தவரை அந்தத் தாள் கட்டுப்படுத்தவில்லை.

இவ்விடத்தில் வலுவான ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்த ஸ்டாதிஸ் கலிவாஸ் போன்றோர், ஆதரவிலிருந்து கட்டுப்பாடு பிறப்பதில்லை, கட்டுப்பாட்டிலிருந்தே ஒத்துழைப்பு பிறக்கிறது என்கிறார்கள். யாருடைய துப்பாக்கி ஊரில் நிலைக்கிறதோ அவருக்கு ஊர் ஒத்துழைக்கும். எல்லை, உரிமை என்ற பேச்செல்லாம் பின்னர் சொல்லும் விளக்கம் என்பது இவ்வாதத்தின் சாரம். அம்பாறைக் கரை இதைச் சோதிக்க அரிய வாய்ப்பைத் தருகிறது. 1987 ஒப்பந்தத்தின்படி வந்த இந்திய அமைதிப்படை 1989இன் கடைசி மாதங்களில் அம்பாறையைவிட்டு விலகியதும், அது உருவாக்கிய தமிழ்த் தேசிய இராணுவம் சிதைந்தது. அதன் பின் 1990 ஜூன் வரை விடுதலைப் புலிகளுக்கு இப்பகுதியில் முன்னெப்போதும் இல்லாத பிடி இருந்தது. கலிவாஸின் கூற்றுப்படி ஒத்துழைப்பு உச்சத்தைத் தொட்டிருக்க வேண்டிய காலம் இது. நடந்ததோ நேர்மாறு. 1990 ஜூன் 11இல் போர் மீண்டும் மூண்டபோது கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் புலிகளால் முற்றுகையிடப்பட்டன. சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிசார் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோர் விரட்டப்பட்டார்கள். பிடி இருந்தது, ஆதரவு இல்லாமற்போனது. கட்டுப்பாடு அடங்கியிருத்தலைத் தரலாம். ஆனால் ஆளைத் தரவும் தகவலைத் தரவும் வைப்பது வேறொரு நம்பிக்கை. தொழுகையில் நிற்பவன் முதுகில் சுடப்படமாட்டான் என்ற குறைந்தபட்ச உறுதி உடைந்த இரவில் அந்த நம்பிக்கை போய்விட்டது.

அதே மாதங்களில் தமிழர் பட்ட துயரத்தைச் சொல்லாமல் இவ்வரலாறு முழுமையாகாது. 1990 ஜூனில் கல்முனையை மீட்ட இராணுவம் தமிழ் இளைஞர்களைப் பிடித்துக் கொன்றது. ஆகஸ்டில் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவற்படையினரின் பங்கு மறைக்கக்கூடியதன்று. ஒரு சமூகம் இயக்கத்திடமிருந்து தப்ப அரசின் துப்பாக்கியைப் பிடிக்கும்போது, அதன் குறி இயக்கத்தின் மீது மட்டும் நிற்பதில்லை. பக்கத்து ஊரின் மீதும் திரும்பிவிடுகிறது.

கொலைகளைவிட அமைதியாக, ஆனால் நாள்தோறும் ஆதரவை அரித்தது வயல்தான். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முஸ்லிம்கள் கரையில் குடியிருந்தாலும் அவர்களுடைய நெல்வயல்கள் மேற்கே உள்ள வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில்தான், இருந்தன. விதைக்கப் போனால், வெட்டப் போனால், சூடுமிதிக்கப் போனால் இயக்கத்தின் எல்லைக்குள் போக வேண்டும். அங்கே கப்பம், நெல்லில் பங்கு, உழவு இயந்திரம் பறிப்பு, கடத்தல் என நடந்தவை நிலவுடைமையாளரான போடியாரை மட்டுமல்ல, அவரிடம் கூலிக்கு நின்றவரையும் தாக்கின. பல இடங்களில் வயலே கைவிடப்பட்டது. வரி இல்லாமல் எந்தப் போராட்டமும் நடக்காது என்ற பதில் நியாயமானது. ஆனால் வரி என்பதற்கு அளவும், கேள்வி கேட்கும் உரிமையும், திரும்பக் கிடைக்கும் பயனும் உண்டு. இவை மூன்றும் இல்லாதது ஊர்வழக்கில் கப்பம் என்றே அழைக்கப்பட்டது.

மலாயாவின் அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. 1948 முதல் 1960 வரை போரிட்ட மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி, காட்டோரச் சீனக் குடிகளிடையே வலுவாக இருந்தது. மலாய் விவசாயிகளிடம் அதனால் வேர்விட முடியவில்லை. விளைவாக மலாய் இளைஞர்கள் பிரித்தானியரின் பொலிஸ் படையை நிரப்பினார்கள். ஒரு சமூகத்துக்குள் எவ்வளவு ஆழமாக வேர்விட்டாலும், பக்கத்துச் சமூகம் எதிரே திரும்பினால் அந்த வேரே வேலியாகிவிடுகிறது. அம்பாறையில் புலிகள் கஞ்சிகுடிச்சாறுக் காட்டிலும் தமிழ்ச் சிற்றூர்களிலும் ஒடுங்க, பிரதான வீதியும் சந்தைகளும் நிர்வாக நகரங்களும் அவர்களுக்கு அந்நியமாயின.

2002இல் இதை மாற்ற ஒரு வாய்ப்பு வந்தது. யுத்தநிறுத்தத்தின் பின், ஏப்ரல் 13இல், கிளிநொச்சியில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீமும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டார்கள். வடக்கு முஸ்லிம்கள் திரும்பலாம், கிழக்கு முஸ்லிம்களிடம் வரி அறவிடப்படாது, அவர்கள் தம் வயல்களைச் செய்யலாம் என்பன உடன்பாட்டின் உள்ளடக்கம். இவை மூன்றுமே ஆயுதத்துக்கு எல்லை வகுப்பவை என்பதைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டாண்டு முறிவுக்குப் பின் தலைமையே ஆதரவின் திறவுகோலைச் சரியாக இனங்கண்டிருந்தது. ஆனால் அந்தக் கோடையிலேயே மூதூரிலும் வாழைச்சேனையிலும் மோதல் வெடித்தது. கிழக்கில் வரி நின்றபாடில்லை. பேச்சுவார்த்தை மேசையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு வேண்டுமென்ற கோரிக்கையும் நிறைவேறவில்லை. 2003 ஜனவரி இறுதியில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வெளியிடப்பட்ட ஒலுவில் பிரகடனம், முஸ்லிம்கள் தனித் தேசியம், அவர்களுக்குத் தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு என்றது. தமிழ்ப் போராட்டத்தின் சொற்களையே முஸ்லிம் மாணவர்கள் தம் மக்களுக்காக எடுத்துக்கொண்டார்கள். சித்தாந்தம் இங்கு தோற்கவில்லை, ஊருக்குள் ஊறிவிட்டது. தோற்றது அதைப் பகிர்ந்துகொள்ள மறுத்த இயக்கம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகள் சிதைந்தன. அம்பாறை மாவட்டத்தின் இழப்பு நாட்டிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. 2005 ஜூன் 24இல் நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பில் அரசும் புலிகளும் கையெழுத்திட்டபோது, மிகப் பெரும் இழப்புக்குள்ளான சமூகங்களுள் ஒன்றான முஸ்லிம்களின் கையெழுத்து அதில் இல்லை. அடுத்த மாதம் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை நிறுத்தியது. நவம்பரில் அக்கரைப்பற்றுப் பள்ளிவாசலில் கைக்குண்டு வீசப்பட்டது. இதற்கு முன்பே, 2004 மார்ச்சில், புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்ததே கிழக்கில் புலிகளின் படைபலத்தை முறித்தது என்பதில் ஐயமில்லை. அவ்வீழ்ச்சியை முஸ்லிம் ஆதரவின் இழப்புக்கு நேரடியாகக் கட்டுவது மிகையாகும். ஆனால் 2007 தொடக்கத்தில் அரசின் விசேட அதிரடிப்படை கஞ்சிகுடிச்சாறு முகாம்களுக்குள் நுழைந்தபோது, பின்வாங்கியவர்களுக்குக் கரையோரத்தில் ஒதுங்க ஒரு முஸ்லிம் ஊர்கூட இருக்கவில்லை.