எஸ்.எம். எண்டர்டெயின்மெண்ட்: பாடகர் குழுக்களும் ஒப்பந்தங்களும்

எஸ்.எம். எண்டர்டெயின்மெண்ட் தென்கொரியத் தலைநகர் சியோலில் இயங்கும் இசை நிறுவனம். கே-பாப் எனப்படும் கொரியப் பாப் இசையை இன்றுள்ள வடிவில் ஒரு தொழிலாக அமைத்ததில் இதற்கே முதலிடம் தரப்படுகிறது. சிறு வயதிலேயே ஆளைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்து, குழுவாக மேடையேற்றும் முறை இங்குதான் வேரூன்றியது. இவ்வாறு உருவாக்கப்படும் பாடகர்களை 'ஐடல்' என்பார்கள். இந்த முறையைத் தாங்கி நின்றது நீண்ட கால ஒப்பந்தம். நிறுவனத்தின் வளர்ச்சிக்கும், அதன்மீது தொடுக்கப்பட்ட பெரிய வழக்குகளுக்கும் அதுவே காரணம்.

தொடக்கம்

நிறுவனர் லீ சூ-மான் 1952-ல் பிறந்தவர். 1970-களில் நாட்டுப்புறப் பாணிப் பாடகராகவும் நிகழ்ச்சித் தொகுப்பாளராகவும் அறியப்பட்டார். 1980-களின் முற்பகுதியில் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றபோது, அங்கே தொலைக்காட்சியில் இசை காணொளிகள் பரவிவந்ததைப் பார்த்தார். இனிப் பாட்டு கேட்பதற்கு மட்டுமல்ல, பார்ப்பதற்கும் உரியது என்ற எண்ணத்தோடு நாடு திரும்பி, 1989-ல் சிறிய அளவில் தொழிலைத் தொடங்கினார். 1995-ல் அது எஸ்.எம். எண்டர்டெயின்மெண்ட் என்ற நிறுவனமாகப் பதிவானது.

அவர் முதலில் நம்பியது ஹியூன் ஜின்-யோங் என்ற நடனப் பாடகரை. 1990-ல் அறிமுகமாகிப் புகழ் பெற்ற அவர் போதைப்பொருள் வழக்கில் சிக்கினார். நிறுவனம் பெரும் நட்டத்தைச் சந்தித்தது. திறமை மட்டும் போதாது, கலைஞரின் அன்றாட வாழ்க்கையும் நிறுவனத்தின் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு லீ வந்தது இதன் பிறகே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் இந்த உருவாக்க முறை முழுவதையும் அவர் 'பண்பாட்டுத் தொழில்நுட்பம்' என்று அழைத்தார்.

அதன் முதல் விளைவு எச்.ஓ.டி. 1996 செப்டம்பரில் ஐந்து இளைஞர்களோடு அறிமுகமான இக்குழுவின் முதல் பாடல் பள்ளிகளில் நடக்கும் வன்முறையைப் பற்றியது. பள்ளி மாணவர்களையே இலக்காகக் கொண்டது சரியான கணக்கு. வெள்ளை பலூன்களை ஏந்திய மாணவியர் கூட்டம் அரங்குகளை நிறைத்தது. 1997-ல் எஸ்.இ.எஸ். என்ற மூவர் பெண்கள் குழுவும், 1998-ல் ஷின்ஹ்வாவும் வந்தன. எஸ்.இ.எஸ். குழுவின் பெரிய வெற்றிப் பாடல் ஒன்றின் மூலம் பின்லாந்துப் பாட்டு. ஐரோப்பிய மெட்டமைப்பாளர்களை நாடும் வழக்கம் இன்றுவரை இந்நிறுவனத்தில் தொடர்கிறது.

2001-ல் எச்.ஓ.டி. கலைந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் உடன்பாடு ஏற்படாமல் மூவர் வெளியேற, இருவர் நிறுவனத்திலேயே தங்கினர். பின்னால் வந்த பெரிய பிளவுக்கு இது ஒரு முன்னோட்டம்.

பயிற்சியும் செலவும்

பயிற்சியாளர்களுக்குப் பாட்டு, நடனம், அயல்மொழி ஆகியவற்றைக் கற்பிக்கும் செலவை நிறுவனமே ஏற்கிறது. பல ஆண்டுகள் பயின்றவர்களில் மிகச் சிலரே மேடையேறுகிறார்கள். மேடையேறியவர் ஈட்டும் வருவாயில்தான் மற்றவர்களுக்கான செலவும் அடங்க வேண்டும். ஆகவே ஒப்பந்தம் நீளமாக இருந்தாக வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம்.

இந்த முதலீடு பலன் தந்ததற்குப் போஆ சிறந்த சான்று. 2000-ல் 13 வயதில் அறிமுகமான இவர் ஜப்பானிய மொழியைக் கற்று, 2002-ல் ஜப்பானின் ஓரிகான் இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பெற்றார். கொரியக் கலைஞர் ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. ஆனால் பயிற்சி தொடங்கும்போது அவர் சிறுமி என்பதையும் மறக்க முடியாது. வாழ்வின் பாதியைக் கட்டிவைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வயதா அது என்ற கேள்வியை அப்போது கேட்டவர்கள் குறைவு.

டிவிஎக்ஸ்கியூ வழக்கு

2003 டிசம்பர் 26-ல் அறிமுகமான ஐவர் குழு டிவிஎக்ஸ்கியூ. 'கிழக்கில் எழும் தெய்வங்கள்' என்பது அதன் கொரியப் பெயரின் பொருள். 2009 ஜூலை 4, 5 தேதிகளில் இக்குழு டோக்கியோ டோம் அரங்கில் பாடியது. அதே மாதம் 31-ம் நாள், கிம் ஜே-ஜூங், பார்க் யூ-சுன், கிம் ஜுன்-சு ஆகிய மூவர் தங்கள் ஒப்பந்தத்தை நிறுத்தி வைக்கக் கோரி சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றத்தை அணுகினர்.

ஒப்பந்தக் காலம் 13 ஆண்டுகள். கட்டாய இராணுவ சேவையையும் சேர்த்தால் அது இன்னும் நீளும் என்றும், வருவாய்ப் பங்கீடு நியாயமாக இல்லை என்றும் மூவரும் முறையிட்டனர். அதுவரை குழுவினருக்கு 1,100 கோடி வொன் கொடுத்திருப்பதாக நிறுவனம் பதிலளித்தது. தொகை பெரியதுதான். ஆனால் வழக்கின் மையம் பணம் மட்டுமல்ல; விலக நினைத்தால் விலக வழி உண்டா என்பதுதான். அக்டோபர் 27-ல் நீதிமன்றம் மூவரின் கோரிக்கையை ஓரளவு ஏற்று, அவர்களுடைய தனிப்பட்ட கலைப்பணியில் நிறுவனம் தலையிடக் கூடாது என்று உத்தரவிட்டது.

மூவரும் ஜேஒய்ஜே என்ற பெயரில் இயங்கத் தொடங்கினர். எஞ்சிய இருவர் 2011 முதல் பழைய பெயரிலேயே பாடினர். 2012 நவம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. எனினும் ஜேஒய்ஜேயைத் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளில் காண்பது அரிதாகவே இருந்தது. அவர்களுடைய பணிக்கு இடையூறு செய்யக் கூடாது என்று 2013-ல் கொரிய நியாய வணிக ஆணையம் நிறுவனத்துக்கு ஆணையிட்டது. காரணமின்றிக் கலைஞர்களை ஒளிபரப்பிலிருந்து ஒதுக்குவதைத் தடுக்கும் 2015-ம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மக்கள் பேச்சில் 'ஜேஒய்ஜே சட்டம்' என்றே வழங்குகிறது.

ஏழு ஆண்டுகள்

வழக்கு தொடுக்கப்பட்ட அதே 2009 ஜூலையில் நியாய வணிக ஆணையம் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. ஒப்பந்தம் 7 ஆண்டுகளைத் தாண்டினால் பாடகர் அதை முறித்துக்கொள்ளலாம் என்பது அதன் முக்கிய விதி. பல குழுக்கள் ஏழாம் ஆண்டையொட்டி உடைவதைக் கண்ட இரசிகர்கள் அதை 'ஏழாண்டுச் சாபம்' என்று சொல்லத் தொடங்கினர். சாபம் என்று இரசிகர் சொல்வது பாடகர்களுக்கு உரிமை.

இதற்கிடையில் நிறுவனம் தளரவில்லை. சூப்பர் ஜூனியர் (2005), கேர்ள்ஸ் ஜெனரேஷன் (2007), ஷைனி (2008) ஆகியோரின் புகழ் ஐரோப்பாவை எட்டியது. 2011-ல் பாரிஸ் நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு கிடைக்காத இரசிகர்கள் லூவர் அருங்காட்சியகத்தின் முன் ஆடிக்காட்டிக் கூடுதல் காட்சி கேட்டனர், அதுவும் நடந்தது. 2012-ல் வந்த எக்ஸோவின் 12 பேரில் நால்வர் சீனாவில் செயல்படும் வகையில் சேர்க்கப்பட்ட சீனப் பாடகர்கள். அவர்களில் மூவர் 2014, 2015-ல் வழக்குத் தொடுத்து விலகினர். ரெட் வெல்வெட், என்சிடி, ஏஸ்பா ஆகிய குழுக்கள் பின்னர் வந்தன.

நிறுவனரின் விலகல்

லீ சூ-மானின் முடிவும் ஓர் ஒப்பந்தத்தில்தான் வந்து நின்றது. அவருடைய சொந்த நிறுவனமான லைக் பிளானிங், தயாரிப்புப் பணிக்காக எஸ்.எம். விற்பனையில் 6 சதவீதம் வரை பெற்றுவந்தது. பங்குதாரர்கள் எதிர்த்ததால் அந்த ஏற்பாடு 2022 இறுதியில் முடிவுக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் லீ தம் பங்குகளின் பெரும்பகுதியை, பிடிஎஸ் குழுவின் நிறுவனமான ஹைப்புக்கு விற்றார். நிர்வாகமோ ககாவோ நிறுவனத்தின் பக்கம் நின்றது. மார்ச்சில் ஹைப் போட்டியிலிருந்து விலக, ககாவோ சுமார் 40 சதவீதப் பங்குகளோடு மிகப் பெரிய பங்குதாரரானது.

புதிய நிர்வாகம் வந்த சில மாதங்களிலேயே, 2023 ஜூனில், எக்ஸோவின் பேக்ஹியூன், ஷியுமின், சென் ஆகியோர் வருவாய்க் கணக்கைக் காட்டுமாறு கேட்டனர். தங்களை 12, 13 ஆண்டுகள் கட்டிய ஒப்பந்தத்தை மேலும் நீட்டிக்க முயன்றதாகவும் குற்றம் சாட்டினர். அந்த மாதமே உடன்பாடு ஏற்பட்டது. ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், அந்த உடன்பாட்டின் விதிகளைப் பற்றியே இரு தரப்பும் நீதிமன்றம் சென்றன.