துவரையின் மலட்டு நோய்: மூலம் கண்ட வரலாறு

செடியின் உடல்நிலையை அறிவிக்கும் முகம் அதன் இலையே. முற்றத்துத் தொட்டியில் நட்ட கிளையாயினும், பரந்த வயலில் விளையும் பயிராயினும், இலை வெளுத்துச் சுருங்கினால் ஏதோ குறை நேர்ந்துள்ளது என்பதை நாம் உணர்கிறோம். ஆயின், அக்குறை யாது என்று துணிவதுதான் அரிது. வேரில் நீர் தேங்கினாலும் இலை மஞ்சளிக்கும். தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த அடியிலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்துக் குறைந்தாலோ, நரம்புகள் பச்சையாக நிற்க, இளந்தளிர்கள் வெளுக்கும். இவ்விரும்புக் குறைவை இரும்பு உப்பினால் தீர்க்கலாம் என்று பிரெஞ்சு நாட்டு அறிஞர் கிரி 1840-களிலேயே காட்டினார்.

ஆனால், எவ்வகை உரத்தாலும் தீராத வெளுப்பும் ஒன்று உண்டு. புகையிலையின் தேமல் நோய் ஒரு செடியின் சாற்றால் மற்றொரு செடிக்குத் தொற்றும் என்பதை 1886-இல் மேயர் வெளியிட்டார். பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்ணிய வடிகட்டியையும் அந்த நோய்ப்பொருள் கடந்து செல்வதை 1892-இல் ருஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி கண்டார். 1898-இல் டச்சு விஞ்ஞானி பெய்ஜரிங்க் அதனை வைரஸ் என்று குறித்தார். இலை நோயைக் கண்டறியும் கலையில் புதியதோர் அத்தியாயம் இவ்வாறு பிறந்தது. அவ்வத்தியாயத்தின் நெடிய பகுதியொன்று நம் நாட்டில், ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் எழுதப்பட்டது.

துவரம்பருப்பு இல்லாத சமையலறை தென்னாட்டில் அரிது. தமிழர் சாம்பாருக்கும் தெலுங்கர் பப்புக்கும் அதுவே ஆதாரம். ஹைதராபாத்துக்கு மேற்கேயுள்ள தாண்டூர்த் துவரைக்கு 2022-இல் புவிசார் குறியீடே வழங்கப்பட்டது. இத்தகைய துவரைக்கு வரும் கொடிய பிணிகளுள் ஒன்று மலட்டுத் தேமல் நோய். இலைகள் சிறுத்து, வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கலந்து சுருங்கும். செடி புதர்போல் அடர்ந்து தழைக்கும். ஆயினும் பூவாது, காயாது. சுற்றியுள்ள செடிகள் காய்த்து முற்றும் காலத்திலும் இது மட்டும் பசுமையாகவே நிற்கும். அதனால் ஆராய்ச்சியாளர் இதற்குப் 'பசுமைக் கொள்ளைநோய்' என்றே பெயரிட்டனர். முளைத்த 45 நாட்களுக்குள் நோய் பற்றினால் விளைச்சல் ஏறத்தாழ முழுவதும் போய்விடும்.

இந்நோய் 1931-இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து முதன்முதலில் அறிவிக்கப்பட்டது. 1952-இல் பம்பாய் மாகாணத்தில் ஆராய்ந்த கபூர், நோயுற்ற கிளையை நல்ல செடியில் ஒட்டுக் கட்டினால் நோய் பரவும் என்று காட்டினார். இது மண்ணின் குறையன்று, தொற்று என்பது இதனால் தெளிவாயிற்று. 1962-இல் சேத் என்பார், நோயைச் சுமந்து செல்வது சிலந்திப்பேன் என்னும் நுண்ணுயிர் எனக் கண்டார். அதன் நீளம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. இலையின் அடிப்புறத்தில் வாழும் இதனை வெறுங்கண்ணால் காண இயலாது. காற்றே இதற்கு வாகனம்.

இங்குதான் சிக்கல் எழுந்தது. இலையைக் கெடுப்பது பேனின் கடியா, அல்லது பேன் கொண்டுவரும் வேறொரு பொருளா? ஒட்டுக் கிளையிலேயே பேன் மறைந்திருந்தால் ஒட்டுச் சோதனையும் ஐயத்துக்கு இடமாகும் அன்றோ? வைரஸ் என்று பலர் கருதினர். அதனைப் பிரித்துக் காட்டத்தான் எவராலும் இயலவில்லை.

1972-இல் பட்டஞ்செருவில் சர்வதேச அரை வறட்சி வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. காரணம் விளங்கும்வரை உழவர் காத்திருக்க இயலாது என்பதை அங்கிருந்தோர் உணர்ந்தனர். 1976-இல் நேனேயும் ரெட்டியும் எளியதொரு முறையை வெளியிட்டனர். அலுவலகங்களில் தாள்களைச் சேர்த்துத் தைக்கும் ஸ்டேப்ளர் கருவியே அவர்களது ஆயுதம். நோயுற்ற இலையை இளநாற்றின் இலையோடு சேர்த்துத் தைத்துவிடுவர். வெட்டிய இலை காயக்காய, அதிலுள்ள பேன்கள் பசுமையான நாற்றுக்குக் குடிபெயரும். நாற்று நோயேற்றால் அவ்வினம் தள்ளப்படும். தாங்கி நின்றால் ஏற்கப்படும். இத்தகைய தேர்வுகளின் பயனாக, வாடல் நோயையும் மலட்டு நோயையும் எதிர்க்கும் 'ஆஷா' என்னும் துவரை இனம் 1993-இல் வெளியாயிற்று. பகைவனின் பெயரறியாமலே அவனுக்கெதிராக அரண் கட்டிய அருஞ்செயல் இது.

பெயரும் பின்னர்த் தெரிந்தது. பட்டஞ்செரு விஞ்ஞானிகளும் ஸ்காட்லாந்துப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரும் கூடி முயன்று, 2000-ஆம் ஆண்டையொட்டி நோயுற்ற இலைகளிலிருந்து மெல்லிய இழை வடிவான வைரஸைப் பிரித்தெடுத்தனர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், 3 முதல் 10 பங்கே அதன் அகலம். எழுபதாண்டுகள் அது கண்ணுக்கு அகப்படாததில் வியப்பென்ன? 2014-லும் 2015-லும் வெளியான மரபணு ஆய்வுகள், இந்நோயோடு தொடர்புடையவை ஒன்றல்ல, இரு வைரஸ்கள் என்றும் காட்டின. கதை இத்துடன் முடியவில்லை. வைரஸ் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், ஒரு வட்டாரத்தில் நோயைத் தாங்கும் இனம் வேறொரு வட்டாரத்தில் தோற்றுவிடுகிறது.

இவ்வரலாற்றில் உழவர்க்கும், வீட்டில் செடி வளர்ப்போர்க்கும் பயன் உண்டு. வெளுத்த இலையைக் கண்டவுடன் உரத்தைக் கொட்டுதல் மருத்துவம் ஆகாது. வெளுப்பு அடியிலையில் தொடங்கியதா, தளிரிலா என நோக்க வேண்டும். இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். தேமலுற்ற தாய்ச்செடியிலிருந்து நடுவதற்குக் கிளை எடுத்தல் ஆகாது. கிளையோடு நோயும் கூடவே வரும். வயலில் நோயுற்ற துவரையைத் தொடக்கத்திலேயே களைய வேண்டும். அறுவடைக்குப்பின் மறுதழைவுக்கென விட்ட பழஞ்செடிகளே அடுத்த பருவப் பயிருக்கு நோயின் இருப்பிடம் ஆகின்றன என்பதையும் மறத்தலாகாது. நோயின் மூலம் இன்னதென அறிந்தபின் செய்யும் சிகிச்சையே பலிக்கும். மூலம் தெரியாதவிடத்தும் பொறுமையோடு சோதித்து நல்ல விதையைத் தேர்ந்தால் பயிரைக் காக்கலாம். பட்டஞ்செருவின் வரலாறு இவ்விரண்டுக்கும் சான்றாக நிற்கிறது.