ஆனைக்கொய்யாவும் அழியாத ஒரு சொல்லும்



ஆனைக்கொய்யாவை நாம் பாலும் சீனியும் சேர்த்து அடித்துக் குடிக்கிறோம். அது பிறந்த மெக்ஸிகோவிலோ அதை உப்பும் உறைப்புமாகத்தான் மசித்துச் சாப்பிட்டார்கள். அங்கு வாழ்ந்த அஸ்டெக் மக்கள் தங்கள் நஹுவாட்டல் மொழியில் பழத்தை 'அவாகாட்டில்' என்றும், மசித்த கலவையை 'அவாகாமொல்லி' என்றும் அழைத்தனர்.

1521இல் அவர்களது தலைநகர் டெனொச்டிட்லானை ஸ்பானியப் படை கைப்பற்றி அழித்தது. ஆட்சி போனது, சொல் போகவில்லை. வென்றவர்களின் வாயிலேயே அது 'குவாக்கமோலே' என்று தங்கிவிட்டது.

இன்றைய குவாக்கமோலேயில் பழமும் தக்காளியும் கொச்சிக்காயும் அந்த மண்ணுக்குரியவை. வெங்காயம், மல்லியிலை, தேசிக்காய் மூன்றும் ஸ்பானியருடன் கடல் கடந்து போனவை. ஆசியாவின் தேசிக்காயை ஸ்பெயின் வரை கொண்டு சேர்த்தவர்கள் அரபு முஸ்லிம்கள்.

செய்வது மிக இலகு. நன்கு பழுத்த இரண்டு பழங்களை மசித்து, பொடியாக அரிந்த வெங்காயம், தக்காளி, பச்சைக் கொச்சிக்காய், மல்லியிலை, உப்பு சேர்த்து, ஒரு தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள். தேசிப்புளி சேர்ந்தால் சீக்கிரம் கறுக்காது.

சீனி வருத்தம் இல்லாத வீடே அரிதாகிவிட்ட இக்காலத்தில், நார்ச்சத்தும் பொட்டாசியமும் இதயத்துக்கு உகந்த கொழுப்பும் ஒரு கரண்டிச் சீனி இல்லாமலே கிடைக்கின்றன. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.